மொட்டை மாடிச் சூட்டுக்கு எந்தச் சரக்கு தேறும்? மதுரைப் பழைய வீடுகளுக்கான மதிப்பீடு

மதுரையில் பழைய கான்கிரீட் வீட்டுக்குள் சாயங்காலம் அடிக்கும் அனலில் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்து இறங்குவதுதான். ஊர் கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவேளைச் சூரியன் நேராக மண்டைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில்கூட உச்சியை விட்டு 14 டிகிரிக்கு மேல் விலகாது. அந்த நாட்களில் தெற்குச் சுவரில் நேர் வெயிலே விழாது. மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்து ஒட்டு வீடுகளுக்கு இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு சேர்ந்தவை. அங்கே வெயில் தின்பது மொட்டை மாடியும் தெருமுகப்பும் மட்டும். ஆகவே சுவருக்கு இதைப் பூசு, அதை ஒட்டு என்று யார் சொன்னாலும், மேற்குச் சுவர் தவிர மற்றதை இரண்டாம் பட்சமாக வைத்துக்கொள்ளலாம். முதல் பணம் தளத்துக்கு.

கத்திரி வெயிலில் மதியம் பழைய சாம்பல் நிறக் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு ஐந்து அங்குலத் தளத்தைக் கடந்து கீழே வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மதியத்தைவிட ராத்திரி எட்டு மணிக்கு ஃபேன் காற்று அனலாக வருவது அதனால்தான். ஃபேன் வேறெதுவும் செய்யவில்லை. கூரையடியில் தேங்கிய சூட்டைக் கீழே தள்ளுகிறது. ஏசி போட்ட அறையிலும் இதே கதைதான். காற்று குளிர்ந்தாலும் தளம் தொடர்ந்து சூட்டை இறக்குவதால் கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடும்.

ஒரு கணக்கு. 120 சதுர அடி படுக்கையறை, வெறும் தளம், வெளியே 38 டிகிரி, உள்ளே 28 டிகிரி. உச்ச வெயிலில் கூரை வழியாக மட்டும் வரக்கூடிய சூடு சுமார் 1,300 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது 3,500 வாட். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூரைக்கே போகிறது. தளத்தின் மேல் நல்ல வெள்ளைப் பூச்சு இருந்தால் இது ஏறக்குறைய பாதியாகும். 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் எனும் கெட்டி நுரைப் பலகை போட்டால் 200 வாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தளத்தின் கனம் இந்த உச்சத்தைக் கொஞ்சம் தட்டையாக்கி இரவுக்குத் தள்ளும். ஆனால் சரக்குகளுக்கு இடையிலான விகிதம் மாறாது. கடைக்காரர் சொல்லும் "பத்து டிகிரி குறையும்" பேச்சை இந்த விகிதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். தளத்தின் மேற்பரப்பில் பத்து டிகிரி குறைவது சாதாரணம். அறைக்குள் பத்து டிகிரி குறையாது.

வாங்குவதற்கு முன் தளத்தைத் தட்டிப் பார்க்கணும்

சரக்கு எதுவானாலும் கீழே இருக்கும் தளம் சரியில்லையென்றால் காசு வீண். அறைக்குள் ஏணி போட்டு, சுத்தியலின் பின்பக்கத்தால் கூரைப் பூச்சை மெதுவாகத் தட்டுங்கள். டொக்கு டொக்கு என்று பொள்ளலாகக் கேட்டால் கம்பி துருப்பிடித்துப் பூச்சைத் தள்ளத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைக் கொத்தி, துருவைத் தேய்த்து, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் அடைத்த பிறகுதான் மேல் வேலை.

அடுத்தது ஓதம். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்புறம் துளி துளியாக நீர் கோத்திருந்தால் தளத்துக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தின்மேல் எந்தக் கோட்டிங் அடித்தாலும் முதல் வெயிலிலேயே ஆவி மேலே தள்ளிக் கொப்புளம் கிளம்பும். ஐப்பசி கார்த்திகை மழை குடித்த தளம் தை கடைசி வரை காயாமல் இருப்பதுண்டு. மாசி, பங்குனிதான் வேலைக்குத் தோதான மாதங்கள். சித்திரைத் திருவிழா நெருங்கினால் ஆள் கிடைப்பது கஷ்டம். கோடை இடிமழையும் அதே நேரத்தில்தான் வரும்.

மூன்றாவது வாட்டம். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு இருக்க வேண்டும். நான்கு வாளித் தண்ணீரை ஊற்றி அரை மணி கழித்துப் பாருங்கள். எங்கே குட்டையாக நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். பிற்பாடு எந்தப் பூச்சும் முதலில் உரியப்போகும் இடம் அந்த வட்டம்தான்.

மரக் கட்டையும் செங்கலும் சுண்ணாம்பும் கொண்ட மெட்ராஸ் டெரஸ் மச்சு என்றால் தனிக் கதை. அதன்மேல் கூடுதல் பாரம் ஏற்றக் கூடாது. உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி சுலபமாக இறங்கினால் கரையானோ ஓதமோ தின்றிருக்கிறது. அந்த வீட்டுக்கு வெள்ளைப் பூச்சு அல்லது நிழல், அவ்வளவுதான்.

வெள்ளைக் கூலிங் பெயின்ட்: காசுக்கு அதிகம் தருவது

கூல் ரூஃப் கோட்டிங் என்று பக்கெட்டில் வருவது அக்ரிலிக் அடிப்படையிலான, இழுபடும் தன்மையுள்ள வெள்ளைப் பூச்சு. டப்பாவில் எஸ்ஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனும் வாங்கிய சூட்டை வெளிவிடும் திறனும் சேர்ந்த அளவு. புதுப் பூச்சுக்கு அது 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். எண்ணே போடாத பக்கெட்டும், "ஹீட் ரெசிஸ்டன்ட்" என்று மட்டும் எழுதிய பக்கெட்டும் பெரும்பாலும் சாதா வெளிச்சுவர் எமல்ஷனின் அண்ணன் தம்பிகள்.

நல்லதா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை உண்டு. கால் லிட்டர் மாதிரி வாங்கி வழவழப்பான பாலித்தீன் தாளில் இரண்டு கோட் அடித்து மூன்று நாள் காயவிடுங்கள். தோலைப் போல உரித்தெடுத்து இரண்டு கையாலும் இழுங்கள். தரமானது ரப்பர் போல நீளும், விட்டால் சுருங்கும். எமல்ஷன் என்றால் பிசுக்கென்று அறுந்துவிடும். தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது மயிரிழை விரிசல்களைத் தாண்டிப் பூச்சு நிற்பது இந்த நீட்சியால்தான்.

அளவில்தான் ஏமாற்று அதிகம். சொரசொரப்பான பழைய தளத்தில் இரண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 20 முதல் 25 சதுர அடிதான் வரும். 600 சதுர அடி மாடிக்கு 24 முதல் 30 லிட்டர் வேண்டும். "ஒரே பக்கெட்டில் ஆயிரம் சதுர அடி முடிச்சுத் தர்றேன்" என்று ஒப்பந்தம் பேசுகிறவர் தண்ணீரை ஊற்றி முடிக்கிறார் என்று பொருள். முதல் கோட்டுக்கு டப்பாவில் சொன்ன அளவு தண்ணீர் மட்டும், அதற்கு மேல் சொட்டு கூடாது. இரண்டாவது கோட் கெட்டியாகவே போக வேண்டும். சரக்கை வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்து, கூலியைச் சதுர அடிக்குப் பேசி, காலிப் பக்கெட்டை எண்ணிப் பார்ப்பதே நிம்மதி.

வேலை முறை இது. பாசியை பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டு நாள் காயவிட வேண்டும். விரிசலை மேலாக மெழுகினால் போதாது. வி வடிவத்தில் அரை அங்குலம் வெட்டித் திறந்து விரிசல் பேஸ்ட்டோ பாலிமர் கலவையோ அடைத்து, பெரிய விரிசலுக்கு மேல் ஃபைபர் வலைத் துண்டு பதிக்க வேண்டும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் முக்கோணமாகக் கலவை கொடுத்து, பூச்சைச் சுவரில் ஓரடி ஏற்றிவிட வேண்டும். கசிவு தொடங்கும் இடம் அதுதான். முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால், குறைந்தது நான்கைந்து மணி நேரம் கழித்து அடுத்தது வடக்கு தெற்காக. காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நாலுக்கு மேல்தான் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் மேல்தோல் உடனே காய்ந்து அடியில் ஈரம் மாட்டிக்கொள்ளும். ரோலர் இழுத்துக்கொண்டே போகும்.

குறை என்னவென்றால், வெள்ளை வெள்ளையாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். பைபாஸ் ரோட்டுப் புழுதியும் புறா எச்சமும் ஒரு வருஷத்திலேயே பளபளப்பைத் தின்றுவிடும். வருஷத்துக்கு இரண்டு முறை, மழை முடிந்ததும் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை, மெதுவான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு கழுவினால் பெரும்பகுதி திரும்பி வரும். மூன்று முதல் ஐந்து வருஷத்தில் இன்னொரு கோட் தேவைப்படும். வத்தல் வடகம் காயப்போடும் வீட்டில் மூலையில் பழைய தளத்தையே பத்தடி விட்டுவைப்பது நல்லது. இழுத்துப் போடும் கட்டிலும் மணல் ஒட்டிய செருப்பும் பூச்சைச் சுரண்டிவிடும். வெள்ளை மாடியில் மதியம் கண் கூசும்; எதிர் மாடி உயரமாக இருந்தால் அவர்கள் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் அடிக்கும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது மரியாதை.

சில்வர் பெயின்ட்டைப் பற்றி ஒரு வரி. அலுமினிய நிறம் பளபளவென்று இருந்தாலும் வாங்கிய சூட்டை எளிதில் வெளியே விடாது. வெள்ளைதான் இரவில் வானத்துக்குச் சூட்டை விடும். தகரத்துக்கும் வெள்ளையே தேறும்.

வெறும் கல் சுண்ணாம்போடு வெள்ளைச் சிமென்ட்டும் பசையும் கலந்து அடிக்கும் பழைய வழி இன்னும் மோசமில்லை. வெயிலைத் திருப்புவதில் புதுப் பூச்சுக்கு ரொம்பத் தாழ்ந்ததும் இல்லை. ஆனால் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நிற்காது, ஓதத்தையும் தடுக்காது, மழையில் கரைந்து வெளிச்சுவரில் வெள்ளைக் கோடு கோடாக வழியும். வருஷா வருஷம் மாசியில் இரண்டு ஆள் வைத்து அடித்துக்கொள்ளத் தயார் என்றால் வாடகை வீட்டுக்கும் தோட்டத்து வீட்டுக்கும் இதுவே போதும்.

எக்ஸ்பிஎஸ் பலகை: சூட்டைத் தடுப்பதில் முதலிடம், வேலையில் அதிக எச்சரிக்கை

தெர்மாகோலுக்கு உறவு, ஆனால் வேறு பொருள். தெர்மாகோலை வெட்டினால் மணி மணியாகத் தெரியும். எக்ஸ்பிஎஸ் பலகையின் வெட்டுமுகம் ஒரே சீராக நெருங்கிய நுரையாக இருக்கும், தண்ணீரை ஏறக்குறைய குடிக்கவே குடிக்காது. கடையில் வாங்கும்போது ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். மணி உதிர்ந்தால் அது பேக்கிங் தெர்மாகோல். நிறம் போட்டு விற்கிறார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாத அடர்த்தியைக் கேட்டு வாங்க வேண்டும். பொதுவான அளவு 1250-க்கு 600 மி.மீ., அதாவது எட்டு சதுர அடி. 600 சதுர அடிக்கு 75 பலகை, வெட்டுச் சேதத்துக்கு நாலைந்து கூடுதலாக.

எவ்வளவு தடிமன் என்று கேட்பவர்களுக்கு: வீடுகளுக்கான மத்திய எரிசக்தி விதி, எகோ நிவாஸ் சம்ஹிதா 2018, கூரைக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட். வெறும் ஐந்தங்குலத் தளம் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விடும். கணக்குப்படி 25 மி.மீ. பலகையே வரம்புக்குள் கொண்டுவந்துவிடும். 50 போட்டால் ஏசி ஓடும் அறைக்கு வித்தியாசம் தெரியும். 75 மதுரை வீட்டுக்குத் தேவையில்லாத செலவு.

பலகையை அறைக்குள் கூரைக்கு அடியில் ஒட்டுவதைவிட மாடியில் மேலே போடுவதே சரி. கீழே ஒட்டினால் கான்கிரீட் தினமும் 60 டிகிரிக்கு ஏறி இறங்கி விரிசல் விடுவது நிற்காது. மேலே போட்டால் தளமே வெயிலைப் பார்க்காது.

மேலிருந்து கீழாகச் சொன்னால்: வெள்ளை டைல் அல்லது வெள்ளைப் பூச்சு, 40 முதல் 50 மி.மீ. கான்கிரீட், நடுவே சிக்கன் மெஷ், பிரிப்புத் தாள், பலகை, அதற்கடியில் நீர்த்தடுப்புப் பூச்சு, கடைசியில் பழைய தளம். நீர்த்தடுப்பு பலகைக்கு அடியில்தான் வர வேண்டும். அதை முடித்ததும் வடிகால் வாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்க்காமல் பலகையைத் தொடாதீர்கள். மேலே எல்லாம் மூடிய பிறகு ஒழுகினால், தண்ணீர் பலகைக்கு அடியில் ஓடி எங்கோ ஒரு மூலையில் சொட்டும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க முழு மாடியையும் உடைக்க வேண்டியிருக்கும்.

பலகைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி, செங்கல் கட்டுவது போல இணைப்பு மாறி மாறி வரும்படி அடுக்கி, இணைப்பில் டேப் ஒட்ட வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் கான்கிரீட்டின் சிமென்ட் பால் இடுக்கில் இறங்கிக் கெட்டிப்பட்டு, சூடு இறங்க ஒரு பாலம் போட்டுவிடும். பலகையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் வெயிலில் விடக் கூடாது. மேல்தோல் மஞ்சளாகிப் பொடியாகும். தின்னர் கலந்த பெயின்ட், தார் எதுவும் அதன்மேல் படக் கூடாது, கரைந்துவிடும். மேல் கான்கிரீட்டை ஐந்தாறு அடிக்கு ஒரு கட்டமாகப் பிரித்துப் போட்டு, இடைவெளியில் சீலன்ட் நிரப்பி, ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும். ஒரே பாளமாகப் போட்டால் கோடை முடிவதற்குள் குறுக்கே வெடிக்கும்.

இப்போது பாரம். 600 சதுர அடிக்கு 50 மி.மீ. கான்கிரீட் என்றால் ஏறத்தாழ ஒரு யூனிட், நூறு கன அடி. எடை ஆறரை டன். பழைய சுருக்கியை, அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மேல்படுகையை, முழுக்கக் கொத்தி அள்ளிய தளத்துக்கு இது பெரிய விஷயமில்லை. அங்கே முன்பு இதைவிட அதிகம் இருந்தது. பழையதை எடுக்காமல் அதற்கு மேலேயே ஏற்றுவது தவறு. எல்லிஸ் நகர் போன்ற இடங்களில் உள்ள பழைய அடுக்ககங்களில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் தீர்மானித்துச் செய்கிற வேலையும் அல்ல. பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் உயரம். பலகை 50, கான்கிரீட் 50, டைலும் கலவையும் 20 என்று கூட்டினால் மாடித் தரை ஏறக்குறைய ஐந்து அங்குலம் மேலே வரும். பழைய வீட்டில் மாடிப்படி அறையின் வாசற்படி மூன்றங்குலம்தான் இருக்கும். முதல் பெருமழையில் தண்ணீர் படி வழியாக ஹாலுக்கு வரும். வாசற்படியை உயர்த்துவது, வடிகால் வாயை மாற்றுவது, இரண்டரை அடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு வரிசைக் கம்பி வைப்பது, மூன்றையும் சேர்த்து விலை கேளுங்கள். இவை இல்லாமல் கொடுக்கும் கொட்டேஷன் பாதிக் கொட்டேஷன்.

இன்னொன்று: பலகை சூட்டை உள்ளே விடாதது போலவே இரவில் வெளியேயும் விடாது. ஏசி இல்லாத வீட்டில் ராத்திரி ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தால்தான் பலன் முழுமையாகத் தெரியும். அடைத்தே வைத்திருக்கும் வீடு என்றால் பூச்சோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கூலிங் டைல்ஸ்

இந்த வரிசையில் விளம்பரம் அதிகம், சூடு தடுப்பதில் அதற்கேற்ற பலன் இல்லாதது இதுதான். ஓரடிக்கு ஓரடி வெள்ளை டைல் வெயிலைத் திருப்புவதால்தான் வேலை செய்கிறது. அதன் உடம்பு சூட்டைத் தடுப்பது மிகக் குறைவு. அதாவது, உழைக்கும் வெள்ளைப் பெயின்ட். அதற்கு விலை: சதுர அடிக்கு எட்டொன்பது கிலோ பாரம். ஆனால் ஓதம் தடுப்பதிலும் நடமாடுவதிலும் பெயின்ட்டைவிட மேல், கழுவுவதும் சுலபம். மாடியில் துணி காயப்போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் போய்வந்து, பிள்ளைகள் விளையாடும் வீடென்றால் டைல்ஸ் நியாயமான தேர்வு. கிளேஸ் போட்ட வழவழப்பு வகையை வாங்காதீர்கள், மழையில் வழுக்கும்.

கெட்டுப்போவது எப்போதும் இணைப்பில். இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டிப் பதித்தால், வெயிலில் விரிந்து இரண்டு டைல் கூரை போல எழும்பும். 3 முதல் 5 மி.மீ. இடைவெளி, பத்தடிக்கு ஒருமுறை சீலன்ட் நிரப்பிய விரிவு இணைப்பு, இணைப்பில் நீர்த்தடுப்புச் சேர்த்த கிரவுட். பதித்து முடித்ததும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டு, பொள்ளல் ஒலிப்பதைச் சாக்பீஸால் குறித்து மாற்றச் சொல்லுங்கள். மிச்சப் பணம் அதன் பிறகு. ஐந்து சதவீதம் உடைசலுக்குக் கூடுதலாக வாங்கி அதே பெட்டி எண்ணில் பத்து டைலை மாடி அறையில் போட்டு வைப்பது பின்னால் உதவும்.

சுருக்கியும் தட்டோடும்

பொதுப்பணித்துறைப் பாணியில் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் 32-க்கு 12.5 என்ற அளவில் கலந்து, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே 20 மி.மீ. தட்டோட்டை நீர்த்தடுப்புப் பொடி இரண்டு சதவீதம் சேர்த்த 1:3 சிமென்ட் கலவையில் பதித்து, ரெட் ஆக்சைடு கலந்து இணைப்பு பூசுவது. மூன்றங்குலம் போட்டால் வெறும் தளத்தில் இறங்கும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். சூடு உள்ளே வரும் நேரமும் தள்ளிப்போகும். நள்ளிரவுக்கு நல்லதா கெட்டதா என்பது ஜன்னலைத் திறந்து வைப்பதைப் பொறுத்தது.

இன்றைக்கு இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார் குறைவு. சுண்ணாம்பை முழுக்க நீற்றாமல் போட்டால் மாதக்கணக்கில் கழித்து உள்ளே நீறி, தட்டோட்டைக் கொப்புளமாகத் தூக்கும். அடிக்கும் வேலை நாட்கணக்கில் நடக்க வேண்டும். கூலியைப் பார்த்து ஒரே நாளில் முடித்தால் உள்ளே பொந்தும் புரையுமாக நிற்கும். சுண்ணாம்புக்குப் பதிலாகச் சிமென்ட் போட்டு "சுருக்கி" என்று சொல்லும் வேலையை ஏற்காதீர்கள், அது நெகிழாது, வெடிக்கும். ஏற்கனவே நல்ல தட்டோடு இருக்கும் வீட்டை உடைக்கவே வேண்டாம். இணைப்பைச் சுரண்டிப் புதுப்பித்து, அதன்மேல் வெள்ளைக் கூலிங் கோட்டிங் அடிப்பதுதான் இந்த மதிப்பீட்டில் மிகக் குறைந்த செலவில் நல்ல பலன். ஓடு பெயின்ட்டைக் குடிக்கும் என்பதால் பிரைமர் கட்டாயம். அதைத் தவிர்த்தால் முதல் கோட் முழுக்க உள்ளே போய்விடும்.

ஃபால்ஸ் சீலிங்

ஜிப்சம் பலகை மட்டும் தொங்கவிட்டால் சூட்டுக்குப் பெரிய தடை கிடையாது. நடுவில் 50 மி.மீ. ராக்வூல் எனும் கல்நூல் பஞ்சு மெத்தையை விரித்தால் நல்ல தடை. பத்தடிக்கு மேல் உயரமுள்ள பழைய அறைகளில் ஏசி குளிர்விக்க வேண்டிய காற்றின் அளவும் குறையும். ஆனால் மேலே ஒழுகுவது தெரியாது. தெரியும்போது பலகை தொங்கிவிட்டிருக்கும். எலி, பல்லி குடும்பம் நடத்தும். மாடிமேல் வேலை செய்ய முடியாத இடம், கீழ்த்தளக் குடித்தனம், இவற்றுக்குத்தான் இது.

தகரம், கல்நார், மாடி ரூம்

செல்லூர்ப் பக்கத்துத் தறிக்கூடங்களும், திருநகர் மாடிகளில் வாடகைக்கு விட்ட ஒற்றை அறைகளும் கான்கிரீட்டைவிடப் பாவப்பட்டவை. தகரத்தில் தாமதமே கிடையாது, வெயில் அடித்ததும் உள்ளே இறங்கிவிடும். வெள்ளைப் பூச்சு முதல் படி. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ துளை போடவோ கூடாது. கிளம்பும் தூசு நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்துவிட்டு, மாஸ்க் போட்டு, மெதுவான பிரஷ்ஷால் மட்டும் கழுவிவிட்டுப் பூசுங்கள்.

பபிள் ஃபாயில் ரோல் வாங்கி ஷீட்டின் அடியில் பசை போட்டு ஒட்டுவது மதுரை முழுக்க நடக்கும் தப்பு. அலுமினியப் பளபளப்பு வேலை செய்வது அதற்கு முன்னால் காற்று இருந்தால்தான். ஷீட்டிலிருந்து ஓரங்குலமாவது தள்ளி, கம்பி கட்டி, பளபளப்பு முகத்தைக் காற்று இடைவெளியைப் பார்க்கும்படி விரியுங்கள். ஓரங்களில் காற்று புகுந்து வெளியேறட்டும். புதிதாகக் கூரை மாற்றுகிறவர்களுக்கு 40 அல்லது 50 மி.மீ. பஃப் பேனல் (இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்தது) விலை கூடினாலும் அந்த ஒரே வேலையோடு சூடு விஷயம் முடிந்துவிடும்; இணைப்பு மேல்பக்கம் ஒன்றையொன்று கவ்வும் வகையா என்று பார்த்து வாங்குங்கள்.

பச்சை வலைப் பந்தல் மலிவு, உடனடிப் பலனும் உண்டு. தளத்தில் படாமல் ஏழடி உயரத்தில் நின்றால் வலை வாங்கும் சூடு காற்றோடு போய்விடும். வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் வலை போதும். ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை: ஓரத்தில் மடித்துத் தைத்து வளையம் அடிக்காத வலை ஆனி கடைசியிலேயே கிழியும். ஆடி பிறக்கும் முன் அவிழ்த்துச் சுருட்டி வைத்தால் மூன்று கோடை தாங்கும்.

ஏசி அறைக்குச் சில்லறை வேலை

கூரையைப் பார்த்துக்கொண்டு ஜன்னலுக்கு மேல் இருக்கும் பழைய வென்டிலேட்டர் ஓட்டையைத் திறந்தே விட்டிருக்கும் அறைகள் நிறைய. அக்ரிலிக் ஷீட் வெட்டி ஓரத்தில் சிலிக்கான் போட்டு மூடுங்கள். கதவடியில் இடைவெளி விரல் நுழையும் அளவு இருந்தால் டோர் ஸ்வீப் பட்டை. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் அறைக்குள்தான் இருக்கும். வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவது அதைவிட அதிகம் செய்யும். வறண்ட சித்திரையில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் ஏசி இல்லாத அறைக்கு நல்ல குளிர்ச்சி. ஐப்பசி ஈரத்தில் அது வெறும் வாசனை.

மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கில் படிப்படியாக ஏறும் விகிதம் என்பதால், ஏசி யூனிட் குறைவது மேல்படியிலிருந்துதான் முதலில் கழியும். செய்த செலவு திரும்புகிறதா என்று பார்க்க சித்திரை, வைகாசி அட்டையைப் போன வருஷத்து அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். மாசிக் கணக்கை வைகாசியோடு ஒப்பிட்டால் எந்தப் பூச்சும் தோற்றுப்போகும். சந்தேகமுள்ளவர்கள் ஒரே ஒரு படுக்கையறைக்கு மேல் மட்டும் பூசிவிட்டு, அதையும் பூசாத பக்கத்து அறையையும் இரவு ஒன்பது மணிக்குக் கூரையில் உள்ளங்கை வைத்துப் பார்க்கலாம். எண் வேண்டுமென்றால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று போதும்.

கடைசியாக மழைநீர். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பெரும்பாலான மாடிக் குழாய் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகிறது. பெயின்ட்டோ சுண்ணாம்போ அடித்த பிறகு முதல் இரண்டு மழை முழுக்க அந்தக் குழாயைத் திருப்பித் தெருவில் விடுங்கள். திருப்பும் வால்வு இல்லையென்றால், பெயின்ட் வாங்கும் அன்றே பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு டி-யும் இரண்டு வால்வும் போட்டுவிடுங்கள்.